30 அடிப் படகுக்கு 37 அடி வாடகையா?

கேள்வி:

நான் ஜெலாப்பாங்கில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போ பக்கம் வந்து சேர்ந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் இரண்டு நண்பர்களும் பணம் போட்டு, மீன் பிடிக்கப் போய்வர ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். பின்னால் இரண்டு அவுட்போர்டு என்ஜின். விற்றவர் 30 அடி என்றார். லைசன்சில் 9.1 மீட்டர் என்று இருக்கிறது. மேற்குக் கரையில் ஒரு மெரினாவில், 12 மீட்டர் பெர்த்தில் கட்டி வைத்திருக்கிறோம். அடிக்கு மாதம் 14 வெள்ளி. இரண்டு வருடமாக 30 அடிக்கு 420 வெள்ளி கட்டி வந்தோம்.

போன மாதம் புதிதாக வந்த மேலாளர் ஆள் அனுப்பி எல்லாப் படகுகளையும் அளந்திருக்கிறார். அப்போது எங்களில் யாரும் அங்கே இல்லை. எங்கள் படகு 37 அடியாம். இனி மாதம் 518 வெள்ளி கட்ட வேண்டுமாம். போதாததற்கு இரண்டு வருட வித்தியாசம் 2,352 வெள்ளி பாக்கியாம். அதைக் கட்டாவிட்டால் படகை வெளியே விடமாட்டார்களாம். பிறகு நாங்களே போய் அளந்தோம். படகின் உடல் 9.10 மீட்டர். முன்னால் நங்கூரம் 45 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் தூக்கி வைத்த என்ஜின் 75 சென்டிமீட்டர். அரசாங்க லைசன்சே ஒரு நீளம் சொல்லும்போது இவர்கள் இன்னொன்று சொல்ல முடியுமா? நங்கூரத்துக்கும் வாடகை உண்டா? படகைப் பிடித்து வைக்க இவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?

— வாசகர், ஜெலாப்பாங், ஈப்போ

பதில்:

அன்பரே, 37 அடி தவறு. 30 அடியும் தவறு. நீங்கள் எழுதிய மூன்று அளவையும் கூட்டினால் 10.30 மீட்டர். அதை அடியாக்கினால் 33.79. அடுத்த முழு அடிக்கு ஏற்றினால் 34 அடி, மாதம் 476 வெள்ளி. இதுவரை கட்டியதைவிட 56 வெள்ளி கூடுதல், அவர்கள் கேட்பதைவிட 42 வெள்ளி குறைவு. பேசப் போகும்போது இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். '30 அடிக்கு மேல் ஒரு காசு தரமாட்டோம்' என்று போய் நின்றால் உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் எடுபடாது.

34 எப்படி 37 ஆனது? என் ஊகம் இதுதான். அளந்தவர் 10.30 மீட்டர் என்று சரியாகவே குறித்திருப்பார். அலுவலகத்தில் யாரோ அதை 11 மீட்டர் ஆக்கியிருப்பார்கள், முழு மீட்டர் கணக்கு என்று. வாடகை அடிக்கணக்கில் என்பதால் 11 மீட்டர் 36.09 அடியாகிறது. அந்தப் புள்ளி பூஜ்யம் ஒன்பதை விட மனசில்லாமல் 37 என்று பில் போட்டுவிட்டார்கள். ஒரே படகை இரண்டு முறை மேலே ஏற்றிவிட்டார்கள், இரண்டு முறையும் அவர்கள் பக்கமாக. ஒரு அடி 0.3048 மீட்டர் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு, அதில் வாதத்துக்கு இடமில்லை. முதலில் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: அளந்தபோது வந்த மீட்டர் எவ்வளவு, அது எந்த இடத்தில் முழு எண்ணாக்கப்பட்டது, எத்தனை முறை? பெரும்பாலான மெரினாத் தகராறுகள் இந்தக் காகிதம் வெளியே வந்தவுடனே பாதி கரைந்துவிடும்.

இனி லைசன்ஸ். படகுக்கு ஒரே ஒரு நீளம்தான் இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. அம்மா வாளியில் கொண்டுவந்து கொட்டிய பாலை ஸ்டோரில் நிறுத்தார்கள். ஆனால் கூலிக் கணக்கு அந்த எடையில் நிற்கவில்லை. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்து அதற்குத்தான் கணக்கு எழுதினார்கள். வாளியில் இருந்த எடையும் உண்மை, கிராணி எழுதிய எடையும் உண்மை. எதற்குக் காசு என்பதில்தான் சண்டை. படகு நீளமும் அப்படித்தான்.

உங்கள் லைசன்சில் இருப்பது படகின் உடல் நீளம். சிறு படகுகளை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8666 என்று ஒரு சர்வதேசத் தர நிர்ணயம் இருக்கிறது. அது உடல் நீளம் என்று சொல்லும்போது, உடலோடு சேர்த்து வார்த்த பாகங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. முன்மூக்குக் கம்பி, நங்கூர உருளை, சுக்கான், குளிக்க இறங்கும் பலகை, அவுட்போர்டு என்ஜின், அதைத் தாங்கும் சட்டம் எதையும் சேர்ப்பதில்லை. அதே தரநிர்ணயத்தில் 'அதிகபட்ச நீளம்' என்று இன்னொன்றும் உண்டு. அதில் கம்பியும் பலகையும் என்ஜின் சட்டமும் உள்ளே வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அதிலும் அவுட்போர்டு என்ஜின் சேராது. இதைப் படித்துவிட்டு மேலாளரிடம் போய் 'ஐ.எஸ்.ஓ. என் பக்கம்' என்று சொல்ல உங்களுக்குக் கை துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். படகு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், எத்தனை பேரை ஏற்றலாம் என்று முடிவு செய்யப் பயன்படுகிற அளவு அது. வாடகைக்கு அதைக் கொண்டுபோனால் 'எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எங்கே இருக்கிறது?' என்று ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

கப்பல் உலகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 1969-ஆம் ஆண்டின் சர்வதேசக் கொள்ளளவு உடன்படிக்கை 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கானது. அதன்படி நீளம் என்பது முனையிலிருந்து முனைக்கு அளப்பதே இல்லை. கப்பலின் ஆழத்தில் 85 விழுக்காட்டு உயரத்தில் ஒரு நீர்க்கோட்டைக் கற்பனை செய்து, அந்தக் கோட்டின் நீளத்தில் 96 விழுக்காட்டை எடுக்கிறார்கள். முன்முனையிலிருந்து சுக்கானின் அச்சு வரை உள்ள தூரம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அது. ஆனால் கடலில் மோதல் தவிர்க்கும் 1972 விதிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நீளம் என்றால் முனைக்கு முனை முழு நீளம். 12 மீட்டரைத் தொட்டால் ஊதல் வைத்திருக்க வேண்டும், 20 மீட்டரைத் தொட்டால் மணியும் வேண்டும். ஒரே கப்பல், ஒரே நாளில், ஒரு காகிதத்தில் ஒரு நீளமாகவும் இன்னொன்றில் வேறு நீளமாகவும் சட்டப்படி மிதக்கலாம்.

இதில் மனித சுபாவமும் சேர்ந்துகொள்கிறது. விற்கிறவன் கையில் படகு நீளும், வரி கட்டுகிறவன் கையில் சுருங்கும். தமிழ்நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி இயந்திரப் படகுக்கு 24 மீட்டர் நீளமும் 240 குதிரைத்திறன் என்ஜினும்தான் உச்சம். நீளத்தை வைத்து அனுமதி என்று வந்துவிட்டால், நாடாவின் முனையை எங்கே வைப்பது என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

பணக்காரர்களும் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். 1903-இல் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் பந்தயத்தில் ஓடிய ரிலையன்ஸ் என்ற படகைப் பாருங்கள். விதி கட்டுப்படுத்தியது நீர்க்கோட்டு நீளத்தை மட்டும், 90 அடி. அதை வடிவமைத்த நத்தானியேல் ஹெரெஷாஃப் நீர்க்கோட்டை 90 அடிக்குள் அடக்கிவிட்டு, தண்ணீருக்கு மேலே முன்னும் பின்னும் உடலை நீட்டிக்கொண்டே போனார். மேல்தளம் சுமார் 144 அடி வந்தது. முன்மூக்குக் கழியின் நுனியிலிருந்து பின்பாய்க் கழியின் நுனி வரை 201 அடி. காற்றில் படகு சாய்ந்ததும் அந்த நீட்டல்கள் தண்ணீரைத் தொடும், ஓடுகிற நீளம் கூடும், வேகமும் கூடும். அளக்கும்போது 90, ஓடும்போது அதைவிட அதிகம். அந்த ஆண்டு அதனிடம் தோற்றது தாமஸ் லிப்டனின் மூன்றாம் ஷாம்ராக். நம் சனங்கள் இலங்கை மலையில் கொழுந்து பறித்த காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் வாங்கிக் காசு பார்த்த அதே லிப்டன்தான். 1899 தொடங்கி 1930 வரை ஐந்து முறை கோப்பைக்கு மோதினார், ஐந்து முறையும் தோற்றார். ரிலையன்ஸை இன்று உங்கள் மெரினாவுக்குக் கொண்டுவந்தால் அந்த மேலாளர் 201 அடிக்குத்தான் பில் போடுவார். அதில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

ஏனென்றால் மெரினா விற்பது இடம். உங்கள் நங்கூரத்தின் கொழு நீட்டிக்கொண்டிருக்கும் 45 சென்டிமீட்டரில் வேறு யாரும் வந்து நிற்க முடியாது. பின்னால் உள்ள 75 சென்டிமீட்டர் இன்னும் முக்கியம், அது நீர்வழிப் பக்கம் இருக்கிறது. மெரினாவைத் திட்டமிடும்போது இரண்டு வரிசைப் படகுகளுக்கு நடுவில் போகிற நீர்வழியை, அங்கே கட்டுகிற மிக நீளமான படகின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் விடுவது வழக்கம். அப்போதுதான் படகைத் திருப்பி பெர்த்துக்குள் நுழைக்க முடியும். ஒவ்வொருவரும் முக்கால் மீட்டர் பின்னால் துருத்திக்கொண்டு நின்றால் அந்த ஒன்றரை மடங்கு காகிதத்தோடு நின்றுவிடும். இரட்டை உடல் கட்டமரான்களுக்குப் பல இடங்களில் ஒன்றரை மடங்கு வாடகை வாங்குவதும் இடத்துக்காகத்தான், அங்கே அகலம் தின்கிறது.

என்ஜினைத் தூக்கி வைத்த நிலையில் அளப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இறக்கி வைத்தால் நீளம் குறையும். ஆனால் நம் கடலில் உப்புத் தண்ணீருக்குள் என்ஜினை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யார்? சில வாரத்தில் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும், உலோகம் அரிக்கும். பெர்த்தில் இருக்கும்போது என்ஜின் தூக்கித்தான் இருக்கும். ஆகவே தூக்கிய நிலையிலேயே அளக்க வேண்டும். இதில் நான் மெரினா பக்கம்.

அளக்கும் முறையில்தான் உங்களுக்கு உண்மையான பிடி இருக்கிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் அளந்தார்கள். மறு அளவு கேளுங்கள், இரு தரப்பும் நிற்கட்டும். காற்று எழும்பாத காலை நேரமாகப் பாருங்கள். முன்னும் பின்னும் கயிற்றை இறுக்கிக் கட்டி, படகு பொந்தூன் என்ற மிதக்கும் நடைமேடைக்கு இணையாக, ஆடாமல் நிற்க வேண்டும். நாடாவைப் படகின் மேல் போடவே கூடாது. முன்மூக்குக் கம்பியில் ஒரு முனையைப் பிடித்துக் கண்ணாடிக்கும் கூரைக்கும் மேலாக இழுத்துக்கொண்டு பின்னால் போவதைப் பார்த்திருக்கிறேன். அது படகின் நீளம் ஆகாது, மேடு பள்ளத்தின் நீளம்.

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிக முன்னால் இருக்கிற புள்ளி நங்கூரத்தின் நுனி. அங்கிருந்து ஒரு நூலை இறக்குங்கள். மிகப் பின்னால் இருக்கிற புள்ளி தூக்கிய என்ஜினின் அடிப்பகுதி. அங்கிருந்து இன்னொன்று. படகு முன்பக்கம் ஒடுங்குவதால் முதல் நூல் பொந்தூனின் விளிம்பிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு மேலே தொங்கும். அங்கேதான் ஏமாறுவோம். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை, தச்சர் மூலைமட்டம் வைத்து, பொந்தூன் விளிம்புக்குச் செங்குத்தாக நீட்டி நூலைத் தொடவிடுங்கள். சட்டம் விளிம்பைக் கடக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு. பின்னாலும் அப்படியே. இப்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே, பொந்தூன் பலகையின் மீது தட்டையாக, இரும்பு நாடாவை இழுத்துப் பிடியுங்கள். துணி நாடா வேண்டாம். பழையது என்றால் இழுபட்டு நீண்டிருக்கும், நீளத்தைக் குறைத்துக் காட்டும். அது உங்களுக்கு லாபம்தான், ஆனால் மறுநாளே அந்த அளவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அளவு தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், உங்கள் படகு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முன்மூக்கில் ஒருவர் நாடாவை உயரத்தில் பிடித்து, பின்னால் இன்னொருவர் 1.2 மீட்டர் தாழ்வில் பிடித்தால், 10.30 மீட்டர் 10.37 என்று காட்டும். ஏழே சென்டிமீட்டர்தான். ஆனால் 10.37 மீட்டர் என்றால் 34.02 அடி. மேலே ஏற்றினால் 35. நாடாவைச் சாய்த்துப் பிடித்ததற்கு வருடத்துக்கு 168 வெள்ளி.

பெர்த்துக்குப் பக்கவாட்டில் நீளும் மிதவை உங்கள் படகைவிடக் குட்டையாக இருந்து, என்ஜின் அதைத் தாண்டி வெளியே நின்றால், பின்கோடு போட இடமே இருக்காது. அப்படியானால் படகைத் தரையேற்றும் நாளுக்குக் காத்திருங்கள். அடிப்பக்கம் சுரண்டி வண்ணம் பூச எப்படியும் தூக்குவீர்கள். சிமெண்டுத் தரையில் குண்டு இறக்கி அளப்பதைப் போல் சுத்தமான வேலை கிடையாது. படகை மட்டமாக நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நங்கூரத்துக்கு வருவோம். வாடகை உண்டு. ஆனால் அதைக் குறைக்க உங்களால் முடியும். பெர்த்துக்கு வந்ததும் நங்கூரத்தைக் கழற்றி முன்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உருளை மட்டும் 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10.05 மீட்டர், 32.97 அடி. மேலே ஏற்றினாலும் 33-ஐத் தாண்டாது. மாதம் 462 வெள்ளி. 'இந்தப் படகு பெர்த்தில் நங்கூரம் இல்லாமல்தான் நிற்கும்' என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிற மேலாளர்கள் உண்டு. ஏற்காதவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கழற்றத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை களைத்துப்போய்ப் போட்டது போட்டபடி ஜெலாப்பாங்குக்குக் காரை விட்டுவிட்டால், திங்கட்கிழமை காலை யாராவது படம் எடுத்து வைத்திருப்பார்கள். வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமேடைக்கு மேலே துருத்தி நிற்கும் நங்கூரக் கொழுவில் இரவில் முழங்காலை இடித்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கழற்றி வைப்பது அக்கம்பக்கத்துப் புண்ணியம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் படிப்பதில்லை. நீளம் என்பதற்கு அதில் என்ன வரையறை? 'எல்லா நீட்டல்களும் உட்பட முழு நீளம்' என்று இருந்தால் மேலே சொன்ன 34 அடி. வரையறையே இல்லாமல் வெறும் 'படகின் நீளம்' என்று இருந்தால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும். மயங்கலாக எழுதினால், எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழக்கம். அடுத்து, 'படகின் நீளம் அல்லது பெர்த்தின் நீளம், இரண்டில் எது கூடுதலோ அது' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூக்குக்குண்டையெல்லாம் மறந்துவிடுங்கள். 12 மீட்டர் பெர்த் 39.37 அடி, அவர்கள் 40 அடிக்கே பில் போடலாம். இதுவரை போடவில்லை என்பதால் அந்த வரி இல்லை, அல்லது இருப்பதை அவர்களும் படிக்கவில்லை. இரண்டாவது என்றால் சத்தம் போட்டு எழுப்பிவிடாதீர்கள். 34 அடிக்கு மரியாதையாகச் சம்மதித்துவிட்டு வாருங்கள்.

பழைய பாக்கி 2,352 வெள்ளிதான் எனக்கு நெருடுகிறது. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குத் தொடுக்க 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. ஆகவே 'காலம் கடந்துவிட்டது' என்று தப்ப முடியாது. முதல் நாள் விண்ணப்பத்தில் நீளத்தை யார் எழுதியது? முழு நீளம் என்ற கட்டத்தில் உங்களில் ஒருவர் 30 அடி என்று தன் கையால் எழுதியிருந்தால், தவறான தகவல் தந்தது நீங்கள். கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம், விற்றவர் சொன்னதை நம்பி எழுதியிருப்பீர்கள், ஆனாலும் பொறுப்பு உங்களுடையது. அப்போதும் பாக்கி 34 அடிக்கான வித்தியாசம் மட்டுமே: மாதம் 56 வெள்ளி, 24 மாதத்துக்கு 1,344. லைசன்சை வாங்கிப் பார்த்து அவர்களே எண்ணைப் போட்டிருந்தால் கதை வேறு. படகு இரண்டு வருடமாக அவர்கள் கண்முன்னால், அவர்கள் நடைமேடையை ஒட்டி நின்றது. அவர்களே பில் போட்டார்கள், நீங்கள் கட்டினீர்கள், ரசீது தந்தார்கள். மறு அளவு எடுத்தால் முன்தேதியிட்டு வசூலிக்கலாம் என்று ஒப்பந்தம் வெளிப்படையாகச் சொல்லாத வரை, அந்த இரண்டு வருடத்துக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. புது நீளம் அளந்த மாதத்திலிருந்து செல்லட்டும்.

படகைப் பிடித்து வைப்பது பற்றி. பாக்கி தீரும்வரை படகைத் தடுத்து வைக்கும் உரிமையைப் பெரும்பாலான மெரினாக்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே கோபத்தில் மொத்த வாடகையையும் நிறுத்திவிடாதீர்கள். அது அவர்கள் கையில் நீங்களே சங்கிலியைக் கொடுப்பது போலாகும். தகராறு இல்லாத தொகையை, அதாவது 476 வெள்ளியை, மாதா மாதம் தேதி தவறாமல் கட்டுங்கள். மீதிக்குக் கடிதம் எழுதுங்கள். படகு அவசரமாக வெளியே வர வேண்டிய நிலை வந்தால், கேட்ட முழுத்தொகையையும் 'ஆட்சேபத்துடன் கட்டுகிறோம், திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். எழுதாமல் கட்டினால் ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள்.

அப்படிக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வக்கீல் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம், திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 வெள்ளி வரை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. அங்கே வக்கீல்கள் பொதுவாக வந்து வாதாட முடியாது, நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம். நிலத்தின் மீதான உரிமை வழக்குகளை அந்தத் தீர்ப்பாயம் எடுக்காது, பெர்த்தும் ஒருவகை நிலம்தான் என்று எதிர்த்தரப்பு கிளப்பிப் பார்க்கலாம். பெர்த் ஒப்பந்தங்களில் 'இது வெறும் பயன்பாட்டு அனுமதி, குத்தகை அல்ல' என்று மெரினாக்களே கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றித் தனிப் பகுதியே அந்தச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அளப்பதற்கும், இரண்டு முறை மேலே ஏற்றுவதற்கும் ஒப்பந்தத்தில் இடம் இருப்பதாக அவர்கள் காட்டினால் தீர்ப்பாயத்தில் அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. பயனீட்டாளர் என்றால் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர். நீங்கள் மூவரும் செலவைப் பகிர்ந்துகொண்டு மீன் பிடிக்கப் போனால் சரி. மாசி மகத்துக்குப் பங்கோர் போகும் சனத்தை ஏற்றி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தாலோ, வார இறுதியில் தூண்டில் குழுக்களை வாடகைக்குக் கூட்டிப்போயிருந்தாலோ, அது வியாபாரம். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தோண்டும். பயணிகளை ஏற்ற வேறு அனுமதியும் வேண்டும், அந்த விவகாரம் இந்த வாடகைச் சண்டையைவிடப் பெரிது.

தீர்ப்பாயம் வரை போகாது என்றே நினைக்கிறேன். புதிதாக வந்த மேலாளர் எல்லாப் படகுகளையும் அளந்திருக்கிறார் என்றால் உங்களைப் போல் இன்னும் பலருக்கு இதே பில் போயிருக்கும். பக்கத்துப் பெர்த்துக்காரரிடம் கேளுங்கள், அவர் படகும் ஒரே இரவில் மூன்று அடி வளர்ந்திருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்: கூட்டு அளவு, மீட்டரிலிருந்து அடிக்கு ஒரே மாற்றம், ஒரே முறை முழு எண், அளந்த மாதத்திலிருந்து அமல். இதில் மறுக்க ஒன்றுமில்லை. இரண்டு பில்லில் கணக்குத் தப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மேலாளரே திருத்திக்கொள்வார், அவருக்கும் கணக்குத் தணிக்கை உண்டு.

அந்தக் கையெழுத்திட்ட அளவுத்தாள் கையில் வந்ததும் ஒரு நகலை உங்கள் இன்சூரன்ஸ் முகவருக்கு அனுப்புங்கள். பாலிசியிலும் அந்த 30 அடியைத்தான் எழுதியிருப்பீர்கள். அங்கே எந்த நீளத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்து, உடல் நீளம் என்றால் 9.10 என்றும் முழு நீளம் என்றால் 10.30 என்றும் எழுத்தில் திருத்திக்கொள்ளுங்கள். மெரினா வாடகைக்காக நங்கூரத்தைக் கழற்றிக் காட்டிய 10.05-ஐ அங்கே எழுத வேண்டாம்.